சேஃப்டி ஆபீசர் வேலைக்கு மதிப்பைக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் சேர்ந்த கட்டுமான சைட்டில், மாடி ஏறும்போதெல்லாம் கீழே யாரோ ஒருவர் விசில் அடிப்பார். மூன்றாவது தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் இருக்கும், தாடைப்பட்டை இறுக்கியிருக்கும், பெல்ட் கொக்கி ஒழுங்காக மாட்டியிருக்கும். ஆறு மாதம் அதை என் வெற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் படிக்கட்டில் புதுக் கான்கிரீட் போட்டிருந்ததால் பின்பக்கச் சாரம் வழியாக ஏறினேன். விசில் வரவில்லை. மேலே பதினொரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் தலையில்தான் ஹெல்மெட் இருந்தது. இன்னொரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து அதில் ஆணி போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு பயம் வந்தது. கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை அது. கூலியில் ஐந்நூறு ரூபாய் பிடித்துவிடுவார்களே என்ற பயம்.

நம் தொழிலின் பெயர் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். தொழிலாளிக்கு நாம் போலீஸ். மேஸ்திரிக்கு நாம் வேலையைக் கெடுக்க வந்தவர். நிர்வாகத்துக்கு ஆடிட்டுக்குக் காகிதம் தயார் செய்கிற ஆள். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் "சேஃப்டின்னா செக்யூரிட்டியா தம்பி?" என்கிறார்கள். இதை போஸ்டர் ஒட்டியோ வாசகப் போட்டி நடத்தியோ மாற்ற முடியாது. நம் வேலையின் தரம் ஏறும்போதுதான் பெயரும் ஏறும் என்பது என் அனுபவம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். சில படிகளை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். சிலவற்றுக்கு வருடக்கணக்காகும்.

முதல் படி: உங்கள் பதவி என்ன என்று சட்டத்தைத் திறந்து பாருங்கள்

நம்மில் பலர் நியமன ஆணையை மட்டும் படிக்கிறோம். அந்தப் பதவி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் வந்தது. அதில் சேஃப்டி ஆபீசர் பதவிக்கான 40-பி பிரிவு 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. 1,000 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு அது கட்டாயமாக இருந்தது. ஆட்கள் குறைவாக இருந்தாலும், வேலை அபாயகரமானது என்று மாநில அரசு அறிவித்தால் அங்கேயும் கட்டாயமானது. கட்டுமானத்துக்கு 1996-ம் ஆண்டுச் சட்டம் 500 பேர் என்று வரம்பு வைத்தது.

2020-ல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இந்த வரம்புகளைக் குறைத்தது. 2025 நவம்பர் 21-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி சாதாரணத் தொழிற்சாலைக்கு 500 பேர், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைக்கு 250 பேர், கட்டுமானத்துக்கு 250 பேர், சுரங்கத்துக்கு 100 பேர். இந்த எண்ணிக்கையைத் தொட்டால் சேஃப்டி ஆபீசர் இருந்தே ஆக வேண்டும். முன்பு நம்மைத் தேவையில்லை என்று சொன்ன நடுத்தர ஆலைகள் பலவும் இப்போது இந்த வட்டத்துக்குள் வருகின்றன. நமக்கு இது பெரிய வாய்ப்பு. தரமில்லாத ஆட்களை வைத்து இடத்தை நிரப்பிவிடும் ஆபத்தும் கூடவே இருக்கிறது.

தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மூன்று விஷயங்கள் உண்டு. அவற்றை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப்டி ஆபீசருக்கு மூத்த அதிகாரிக்குரிய அந்தஸ்து தர வேண்டும், அவர் ஆலையின் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகக் கீழே வேலை செய்ய வேண்டும் என்பது முதலாவது. உற்பத்தி மேலாளருக்குக் கீழே உங்களை வைத்திருந்தால், யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே சம்பள உயர்வுக்கு நிற்கிறீர்கள் என்று பொருள்.

பாதுகாப்புப் பணிக்கு இடைஞ்சலான, அதற்கு முரணான வேறு வேலையை இவருக்குத் தரக்கூடாது என்பது இரண்டாவது. கேன்டீன் பொறுப்பு, பஸ் ரூட், தோட்டப் பராமரிப்பு, வருகைப் பதிவு எல்லாம் எப்படி நம் தலையில் வந்து விழுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். சேரும்போதே இதை மரியாதையாகப் பேசிவிடுங்கள். சேர்ந்து இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் சண்டையாகத்தான் முடியும்.

அந்தப் பகுதியில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழியில் போதிய அறிவு வேண்டும் என்பது மூன்றாவது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. விதியை எழுதியவர்கள் தமிழ்நாட்டு ஆலையில் தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். இன்றைக்கு ஒரகடத்திலும் திருப்பூரிலும் ஓசூரிலும் நிலைமை வேறு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எல்லா இடங்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள். விதியின் நோக்கத்தைப் பார்த்தால் நாம் கொஞ்சம் இந்தியும், முடிந்தால் ஒடியாவோ வங்காளமோ நாலு வார்த்தையும் கற்றே ஆக வேண்டும். "நில்", "தொடாதே", "மேலே பார்", "மூச்சு முட்டுகிறதா?" என்ற நான்கையும் அவர்கள் மொழியில் சொல்லத் தெரியாதவர் அந்த இடத்தில் பாதி சேஃப்டி ஆபீசர்தான்.

இரண்டாம் படி: சான்றிதழ் சேர்ப்பதை நிறுத்திவிட்டுப் படியுங்கள்

திருச்சி, மதுரை, சென்னை எங்கே பார்த்தாலும் "பத்து கோர்ஸ், ஒரே கட்டணம், வளைகுடாவில் வேலை" என்று பேனர் தொங்குகிறது. நகையை அடகு வைத்துச் சேரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து நாளில் பன்னிரண்டு சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். அவர்களிடம் வாயுவை அளக்கும் கேஸ் டிடெக்டரைக் கொடுத்தால் ஆன் செய்யத் தெரியாது. குற்றம் அந்தப் பிள்ளைகளுடையது இல்லை. நம் தொழிலின் பெயரை அதிகமாகக் கெடுப்பது இந்தச் சந்தைதான் என்று அடித்துச் சொல்வேன்.

சரி, என்ன படிக்கலாம்? இந்தியத் தொழிற்சாலையில் சட்டப்படி சேஃப்டி ஆபீசராக இருக்க, பட்டம் அல்லது டிப்ளமோவோடு அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் படிப்பும் மேற்பார்வை அனுபவமும் வேண்டும். சென்னை தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு ஆலோசனை தரும் ஒன்றிய அரசின் டிஜிஃபாஸ்லி அமைப்பின் கீழ் இயங்குவது. அங்கே நடக்கும் ஓராண்டு மேல்நிலைப் பட்டயம் நம் ஊரில் இந்தத் துறையில் மிகவும் மதிக்கப்படும் படிப்புகளில் ஒன்று. இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

நெபோஷ் என்பது 1979-ல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு அமைப்பு. அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழுக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மதிப்பு உண்டு. ஆனால் நம் ஊர் விதி கேட்கும் பட்டயத்துக்கு அது மாற்றாகாது. ஐஓஎஸ்ஹெச் என்ற பிரிட்டன் பாதுகாப்புத் தொழில் அமைப்பின் மேனேஜிங் சேஃப்லி மேலாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் என்று உருவான குறுகிய பயிற்சி. அதை மட்டும் வைத்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர் என்று பலகை மாட்டக்கூடாது. எந்த நிறுவனத்தில் பணம் கட்டினாலும், அதற்கு முன் தேர்வு நடத்தும் தாய் அமைப்பின் இணையதளத்தில் அந்தப் பயிற்சி மையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிட வேலை. ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகலாம்.

படிப்போடு ஒரு கைத்தொழிலும் வேண்டும். வெல்டிங், எலக்ட்ரிக்கல், சாரம் கட்டுதல், கிரேன் சிக்னல் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது சொந்தக் கையால் செய்து பாருங்கள். நான் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாரம் கட்டுகிறவரோடு போய் நின்றேன். சாரக் குழாய்களை இணைக்கும் கப்ளரை இறுக்கும்போது எந்தச் சத்தம் வர வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் "இந்தச் சாரம் சரியில்லை" என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் படி: முதல் தொண்ணூறு நாள், அபராதப் புத்தகத்தை மூடி வையுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறோம். புது இடத்துக்கு வந்ததும் கண்டிப்பைக் காட்டினால் மதிப்பு வரும் என்று நினைக்கிறோம். வருவது விசில் சத்தம்தான்.

முதல் மாதம் நடங்கள். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸ் என்று எல்லா நேரத்திலும் போங்கள். இரவு இரண்டரை மணிக்கு ஒரு முறையாவது போய் நில்லுங்கள். பகலில் ஒழுங்காக இருக்கும் ஆலை அந்த நேரத்தில் வேறு ஆலையாக இருக்கும். கையில் சின்ன நோட்டு இருக்கட்டும். பார்க்கிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இங்க உங்களுக்கு எதைப் பார்த்தா பயமா இருக்கு?" பெல்ட் ஏன் போடவில்லை என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும். இந்தக் கேள்விக்கு உண்மை வரும். "அந்த லிஃப்ட் கதவு சில நேரம் தானா திறக்குது சார்." "மூணாம் நம்பர் பிரஸ்ல பட்டன விட்டாலும் இறங்குது." இப்படிச் சொல்வார்கள்.

இரண்டாம் மாதம், அந்த நோட்டிலிருந்து மூன்றே மூன்று விஷயங்களை எடுத்துச் சரிசெய்து காட்டுங்கள். பெரியதாக இருக்க வேண்டியதில்லை. குடிதண்ணீர் தூரத்தில் இருப்பதால் கிரேனுக்கு அடியில் புகுந்து போகிறார்களா? குடிதண்ணீரை இடம் மாற்றுங்கள். அதற்கான செலவு ஒரு பைப்பும் ஒரு குழாயும். சொன்னதைச் செய்கிறவர் என்ற பெயர் ஒரே வாரத்தில் சைட் முழுக்கப் பரவும். யார் சொன்னதால் அது சரியானது என்பதை அடுத்த நாள் வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சில் (டூல்பாக்ஸ் டாக்) எல்லோர் முன்னாலும், அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதம் சூப்பர்வைசர்களிடம் வாருங்கள். தொழிலாளி கேட்பது நம் பேச்சை இல்லை, மேஸ்திரி பேச்சைத்தான். மேஸ்திரியை எல்லோர் முன்னாலும் திட்டினால் அவர் ஜென்மத்துக்கும் உங்களுக்கு எதிரி. டீக்கடையில் தனியாகப் பேசினால் காது கொடுப்பார்.

கருவி தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஓர் உதாரணம். நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறவரிடம் "பெல்ட் போடு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பெல்ட் கயிறு 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கி விரிய ஒரு மீட்டருக்கு மேல், முதுகு வளையத்திலிருந்து கால் வரை ஒன்றரை மீட்டர், கீழே கொஞ்சம் இடைவெளி. கூட்டினால் ஐந்து மீட்டரைத் தாண்டுகிறது. கொக்கியைக் கால் மட்டத்தில் மாட்டியிருந்தால் பெல்ட் விரிவதற்குள் அவர் தரையில் இருப்பார். அந்த இடத்துக்குத் தேவை கைப்பிடி போட்ட மேடை அல்லது தானாகச் சுருங்கும் லைஃப்லைன். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவரை எந்த இன்ஜினியரும் சாதாரணமாக எண்ண மாட்டார்.

தலைக்கவசம், பெல்ட், கையுறை எல்லாம் கடைசி அரண். முதலில் அபாயத்தையே நீக்க முடியுமா, முடியாவிட்டால் குறைந்த அபாயமுள்ள பொருளை வைக்கலாமா, தடுப்பு போடலாமா, வேலை முறையை மாற்றலாமா என்று இறங்கி வந்துவிட்டு அப்புறம்தான் ஹெல்மெட்டுக்கு வர வேண்டும். இந்த வரிசை நம் எல்லோருக்கும் பரீட்சைக்கு மனப்பாடம். சைட்டில் மட்டும் தலைகீழாகச் செய்கிறோம்.

அப்புறம் ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தித் துடைப்பார்கள். வருடத்தில் எல்லா கார்டும், அதாவது இயந்திரத்தின் தடுப்பு மூடியும், கழன்று கண்ணுக்குத் தெரிகிற நாள் அது. அன்றைக்கு ஆலையில் இருங்கள். எந்த கார்டு திரும்பப் பொருத்தப்படாமல் மூலையில் கிடக்கிறது என்று பூஜை முடிந்த மறுநாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காம் படி: எழுதுங்கள், எழுதியதைப் பின்தொடருங்கள்

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நடந்த விஷவாயுக் கசிவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1982-ல், அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து வந்த குழு அந்த ஆலையின் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அதே வருடம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தன் வாரப் பத்திரிகையில் எச்சரித்து எழுதினார். இருந்தும் அந்த இரவில் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய ஃப்ளேர் பழுதுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாயுவை அடக்க வேண்டிய ஸ்கிரப்பர் தயார் நிலையில் இல்லை. அறிக்கை எழுதப்படாமல் இல்லை. எழுதியது எங்கே போனது என்று யாரும் பின்தொடரவில்லை.

அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயம் இருக்கட்டும்: என்ன அபாயம், யாருக்கு என்ன ஆகும், யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். "ஹவுஸ்கீப்பிங் சரியில்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "இரண்டாம் பகுதியில் எண்ணெய் கசிகிறது, ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடம், நேற்று மட்டும் இரண்டு முறை சறுக்கியது, ஹைட்ராலிக் ஹோஸை மாற்ற வேண்டும், மெயின்டனன்ஸ், வெள்ளிக்கிழமைக்குள்" என்று எழுதினால் அதற்கு ஒரு பதில் வந்தே தீரும். தேதி தாண்டினால் அடுத்த மேலதிகாரிக்கு, அதுவும் தாண்டினால் தலைமை நிர்வாகிக்கு. கோபமில்லாமல், அதே நான்கு வரியில்.

தமிழிலும் எழுதுங்கள். கருவிக்கு மேலே ஒட்டும் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டுவது, எச்சரித்தோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்குத்தான் உதவும்.

ஐந்தாம் படி: உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒரு சேஃப்டி ஆபீசரின் தரம், ஆபத்தான வேலை தொடங்கும் முன் தரும் பணி அனுமதிச் சீட்டில்தான் (பர்மிட்) தெரியும். காலையில் முப்பது பர்மிட்டை அடுக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிற பழக்கம் வந்துவிட்டால் அந்தத் தொழில் அங்கேயே முடிந்துவிட்டது.

மூடிய இடத்தில் இறங்கும் வேலையைப் பாருங்கள். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு தெளிவாகச் சொன்னது: வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், அந்தச் சான்று அவர் தானே செய்த சோதனையின் அடிப்படையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவி போட்டிருக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். "தானே செய்த சோதனை" என்ற அந்த வார்த்தையை விட்டுவிட்டுத்தான் நாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. 23.5-க்கு மேலே போனாலும் கூடாது, ஒரு பொறி போதும், தீ பிடித்துக்கொள்ளும். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது, அடியில் கிடக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால்தான் ஆபத்து என்று நம்பி நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். அளவு கூடும்போது அந்த வாயு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் மேலே வருவதில்லை.

நம் மாநிலத்தில் கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற அண்ணனோ தம்பியோ இறங்க, மூன்றாவது ஆளும் போக, மூன்று பேரும் பிணமாக வந்த செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். தொட்டிக்குள் மனிதரை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துவிட்டது. உங்கள் ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்கு லாரிக்காரரைக் கூப்பிட்டுவிட்டு "அது வெளியாள் வேலை" என்று இருக்காதீர்கள். உங்கள் வளாகத்தில் இறங்குகிற எவரும் உங்கள் ஆள்தான். அந்த வேலையை நிறுத்தியதற்காக ஒரு முறை என் வேலையே போகும் நிலை வந்தது. இன்றைக்கு நடந்தாலும் நிறுத்துவேன்.

ஆறாம் படி: கணக்கில் நேர்மை

வாசலில் "விபத்தில்லா நாட்கள்: 412" என்று பலகை வைக்கிறோம். 413-வது நாள் ஒருவர் விரல் நசுங்கினால் அந்தப் பலகையைக் காப்பாற்ற எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கட்டுப்போட்டு உட்கார வைத்து, "லீவு இல்லை, லைட் டியூட்டி" என்று எழுதிவிடுகிறார்கள். மெட்ரோ நகரத்தில் இருந்தாலும் கிராமத்துச் செங்கல் சூளையில் இருந்தாலும் இது ஒரே மாதிரிதான். தொழிலாளி இதை நேரில் பார்க்கிறார். நம்மைப் பற்றி அவர் வீட்டில் போய்ச் சொல்வது இதைத்தான்.

விபத்து விகிதத்தைக் கணக்கிட ஐஎஸ் 3786 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. வேலையிழப்பு விபத்துகளின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, வேலை செய்த மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். 400 பேர், நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள் என்றால் 9,60,000 மணிநேரம். மூன்று விபத்து நடந்திருந்தால் விகிதம் 3.125. அமெரிக்க முறையில் 10 லட்சத்துக்குப் பதில் 2 லட்சத்தால் பெருக்குவார்கள். அதே மூன்று விபத்துக்கு 0.625 வரும். போன வருடம் ஒரு முறையிலும் இந்த வருடம் இன்னொரு முறையிலும் கணக்குப் போட்டு "விபத்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது" என்று படம் காட்டிய கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். எந்த அடிப்படை என்று அட்டவணையின் கீழே எப்போதும் எழுதுங்கள்.

பலகையில் வேறொன்றை எழுதலாம். "இந்த மாதம் வந்த நியர் மிஸ் (மயிரிழையில் தப்பிய விபத்து) தகவல்: 37. சரிசெய்தது: 29." தகவல் கூடக்கூட நம்பிக்கை கூடுகிறது என்று பொருள். அதோடு என் சொந்த நோட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இந்த மாதம் எத்தனை முறை தொழிலாளிகள் தாங்களாக என்னைக் கூப்பிட்டார்கள்? முதல் சைட்டில் அது பூஜ்யம். இப்போது மாதம் பத்துக்குக் குறைந்தால் எங்கேயோ நான் தவறு செய்திருக்கிறேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஏழாம் படி: விபத்து நடந்த அன்று

முதலில் உயிர், அப்புறம் இடத்தைக் கலைக்காமல் பாதுகாப்பது, அப்புறம் சட்டப்படி தகவல். மரணம் என்றாலும், காயத்தால் 48 மணிநேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனாலும், புதிய சட்டத்தொகுப்பின் 10-வது பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைப்பதற்குத் துணை போகாதீர்கள். இதில் பேச எதுவும் இல்லை.

விசாரணை அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முதல் வரியில் எழுதுகிற கையை நிறுத்துங்கள். பவர் பிரஸ்ஸில் விரல் போகிறது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றைத் துணியால் கட்டி வைத்திருந்தார் என்று தெரிகிறது. கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம். ஏன் கட்டினார்? ஒரு ஷிப்டுக்குக் கொடுத்த எண்ணிக்கை இரண்டு கையால் செய்தால் எட்டவில்லை. யார் அந்த எண்ணிக்கையை வைத்தது? பழைய டையை (தகட்டை வெட்டும் அச்சு) வைத்துக் கணக்கிட்டது, புது டையில் கழிவுத்தகடு சிக்குகிறது. சூப்பர்வைசருக்குத் தெரியுமா? தெரியும், இரண்டு வாரமாக. அந்தத் துணியைக் கட்டியது தொழிலாளியின் கை. ஆனால் கட்ட வைத்தது ஒரு ஆலை. இப்படி எழுதிய அறிக்கையைப் படித்த தொழிலாளி அடுத்த முறை உங்களிடம் உண்மையைச் சொல்வார்.

மருத்துவமனைக்குப் போங்கள். குடும்பத்தார் முன்னால் நில்லுங்கள். இஎஸ்ஐ படிவத்தை நிரப்ப உதவுங்கள். வக்கீல் பேச வேண்டாம் என்றால் பேசாதீர்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள்.

எட்டாம் படி: கேட்டுக்கு வெளியே

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 41-பி பிரிவு, ஆபத்தான ஆலை தன் அபாயங்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. புதிய சட்டத்தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. இதை ஒரு தலைவலியாகப் பார்க்கிறோம். நம் தொழிலை மக்களிடம் கொண்டுபோக இதைவிட நல்ல வாசல் கிடையாது.

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவில் மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தால்? காற்று வீசும் திசைக்குக் குறுக்காகப் போ, ஈரத்துணியால் மூக்கை மூடு, கண் எரிந்தால் தண்ணீரால் கழுவு. இந்த மூன்றையும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கிராம சபை வருடத்தில் சில முறை கூடுகிறது. நிர்வாக அனுமதி வாங்கிப் போங்கள். எங்கள் ஆலையில் என்ன இருக்கிறது, சைரன் எப்படி ஒலிக்கும், ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அந்த ஊரில் உங்களைச் செக்யூரிட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1966-ல் அதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கியது. அன்றைக்கு உறுதிமொழி, பேட்ஜ், லட்டு என்று முடித்துக்கொள்கிறோம். அந்த வாரத்தில் ஒரு நாள் தொழிலாளிகளின் குடும்பத்தை உள்ளே அழைத்துவாருங்கள். அப்பா எந்த இயந்திரத்தில் நிற்கிறார், அதில் கை போகாமல் தடுப்பது எது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். தடுப்பைக் கழற்றி வைக்கிற அப்பாவிடம் நீங்கள் பத்து முறை சொல்வதை அந்தப் பிள்ளை ஒரு முறை கேட்கும்.

ஒன்பதாம் படி: நமக்குள்

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கவுன்சில் இருக்கிறது. தப்பு செய்தால் பதிவு போகும். நமக்கு அப்படி ஒன்று இல்லை. அதுவரை நாம்தான் நமக்கு வேலி. மாவட்ட அளவில் பத்து இருபது பேர் மாதம் ஒரு முறை கூடுங்கள். நிறுவனப் பெயர் சொல்லாமல், நடந்த ஒரு விபத்தை ஒருவர் விளக்கட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். போலிச் சான்றிதழோடு வந்தவரை அங்கே அவமானப்படுத்த வேண்டாம், உண்மையான படிப்புக்கு வழி காட்டுங்கள். ஒரு நிறுவனத்தில் மறைக்கச் சொன்னதற்காக வெளியேறியவருக்கு இன்னொரு நிறுவனத்தில் இடம் பார்த்துக் கொடுங்கள். "முடியாது" என்று சொல்லும் தைரியம் பெரும்பாலும் அடுத்த மாத இஎம்ஐயில்தான் உடைகிறது. அந்த இடத்தில் கூட நிற்க ஆள் வேண்டும்.

பெண்கள் இந்தத் துறைக்கு வரட்டும். ஆயத்த ஆடை, எலக்ட்ரானிக்ஸ், பட்டாசு என்று பெண்கள் நிறைந்த ஆலைகளில், கழிப்பறை தூரமாக இருப்பதால் தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுகிறவரைப் பற்றி ஆண் அதிகாரியிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளை நான் முதல் மாதம் எதிலும் கையெழுத்துப் போட விடுவதில்லை. காலையில் டிடெக்டரைக் கொடுத்து, என்னோடு நடக்க வைத்து, மாலையில் அவர்கள் நோட்டை வாங்கிப் படிப்பேன். போன வருடம் ஒரு பெண் முதல் நாள் நோட்டில் ஹெல்மெட் போடாத பதினான்கு பேரை எழுதியிருந்தாள். இருபதாம் நாள் ஒரே வரிதான் இருந்தது: "வடக்குப் பக்கச் சாரத்தில் மூன்றாவது அடுக்கில் ஒரு கப்ளர் தளர்ந்திருக்கிறது, கொத்தனார் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார்." அன்றைக்கே அவளிடம் பர்மிட் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.